துக்கம் விசாரிக்கப் போன வீடு

எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போனால் சும்மா குந்தியிருந்துவிட்டு எழும்பி வரமுடியாது. விசாரிக்க வேண்டும். எப்போதிருந்து ஏலாமல் கிடந்தவர், கடைசியாக என்ன குடித்தவர், யாருடைய பெயரைச் சொன்னவர், மூச்சு அடங்கும்போது பக்கத்தில் யார் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வீட்டுக்காரரும் வருகிற ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலிருந்து சொல்லுவார்கள். கேட்காமல் திரும்பி வந்தால், 'வந்தான், தேத்தண்ணியைக் குடிச்சான், போட்டான்' என்று ஒரு வருடத்துக்குக் கதை இருக்கும். இந்தப் பழக்கத்தை நான் ஓக்லாந்துக்கும் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் என் மிளகாய்த்தூளைப் பறித்தார்கள், இதைப் பறிக்கவில்லை. அதனால் ஒரு வீடு நாசமாகியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏவன்டேலில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். ஊரில் தபாற்கந்தோரில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன், மற்றவர்களின் தபாலட்டையை வாசித்தே பொழுதுபோக்கியவன். இங்கே அந்த அனுபவத்தை யாரும் கேட்கவில்லை. மங்கரேயில் ஒரு இத்தாலியக் கிழவரின் கிளாஸ் ஹவுசில் வேலை கிடைத்தது. கண்ணாடியால் மூடிய நீண்ட கொட்டகை, உள்ளே தலைக்கு மேலே வளர்ந்த தக்காளி. கொடியை நூலில் சுற்றி மேலே ஏற்றுவதும், கணுவில் முளைக்கும் தளிர்களைக் கிள்ளி எறிவதும் என் வேலை. கை கறுத்துப் பச்சையாகிவிடும், சவர்க்காரத்துக்குப் போகாது. பச்சைத் தக்காளி ஒன்றை நசித்துத் தேய்த்தால்தான் போகும்.

என் முதலாளியான கிழவரை நான் 'பொஸ்' என்றேன். எழுபத்தைந்து வயதுக்கு மேலே. இடது காலில் ஒரு விரலும் இல்லை, குதிக்காலை ஊன்றி நடப்பார். அவரோடு அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, இரண்டு வயது இளையவர். கொட்டகையின் இடது பாதி பொஸ்சுடையது, வலது பாதி மச்சானுடையது. இருவரும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. ஆறடி தூரத்தில் நின்றுகொண்டு, "தண்ணியை மூடச்சொல்லி அவனிட்டைச் சொல்லு" என்பார் பொஸ். நான் திரும்பி, "தண்ணியை மூடட்டாம்" என்பேன். அவர்கள் பேசியது உடைந்த ஆங்கிலம், நான் பேசியது அதைவிட உடைந்தது. இங்கே எல்லாரையும் என் ஊர்த் தமிழிலேயே பேச விடுகிறேன், வேறு தமிழ் எனக்கு வராது.

நாற்பது வருடமாகப் பேசாத இரண்டு பேர் ஏன் ஒரே கொட்டகையில் கிடக்கவேண்டும்? காணிச் சண்டை என்று முதலில் நினைத்தேன், பிறகு சீதனச் சண்டை என்று நினைத்தேன். எங்களுக்குத் தெரிந்த சண்டைகள் அவைதானே.

பொஸ்சுக்கு ஈவிரக்கம் கிடையாது. கோடை நடுப்பகலில் கூரைக் கதவுகளை மூடிவிட்டு, நான் வியர்த்து ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெக்கை என்று வாய் திறந்தால் போதும், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மன்காரரோடு சேர்ந்து தான் சண்டைக்குப் போன ரஷ்யாவைத் தொடங்கிவிடுவார்.

"வெக்கையோ? எங்களை மலையிலையிருந்து இறக்கி, டான் ஆத்தங்கரையிலை கொண்டுபோய் விட்டவங்கள். சப்பாத்துக்கு அடியிலை இரும்பு ஆணி. குளிர் அந்த ஆணிக்குள்ளாலைதான் ஏறும். பாணைக் கோடாலியாலை கொத்தித் தின்னவேணும். துவக்கிலை எண்ணெய் உறைஞ்சு போச்சு, சுட்டால் சுடாது. பிறகு ரஷ்யன் வந்தான். நாங்கள் நடந்தனாங்கள். ரெண்டு கிழமை."

நடந்தது எப்படி என்று கேட்டேன். கேட்பதில் எனக்கு என்ன குறை?

"ஒரு குடிசையிலை ஒரு கிழவி அவிச்ச உருளைக்கிழங்கு தந்தவள். திண்டனாங்கள். பிறகு அவளை வெளியிலை தள்ளிப்போட்டுக் கதவைச் சாத்தினனாங்கள். உள்ளுக்கை பத்துப் பேருக்குத்தான் இடம்."

"விடியப் பாத்தனீங்களோ, அவ இருந்தவவோ?"

"பாக்கேல்லை. வேறை கதவாலை போனனாங்கள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இன்னொரு நாள் ஜெர்மன்காரரின் லொறிகளைப் பற்றிச் சொன்னார். லொறியின் பின்பலகையைப் பிடித்துத் தொங்கிய இத்தாலியப் பெடியன்களின் கைகளை ஜெர்மன்காரர் துவக்குப் பிடியால் அடித்து நசித்தார்களாம். தன் மனைவியின் கடைசித் தம்பிக்கும் அப்படி அடி விழுந்ததாம். பிறகு ஒரு குண்டு நெற்றியில் பட, தன் மடியிலேயே செத்துப்போனானாம். விரல் அடிபட்ட கதையை மட்டும் மனைவியிடம் சொல்லவில்லை, அவள் தாங்கமாட்டாள் என்றார்.

மனைவியை நான் 'சிஞ்ஞோரா' என்றேன், அப்படித்தான் அவர்களுடைய ஆட்கள் கூப்பிட்டார்கள். பகலில் எங்கள் மூவருக்கும் வீட்டுக் குசினியில் சாப்பாடு தருவார். குளிர்ப்பெட்டிக்கு மேலே ஒரு படம் இருந்தது. இறகு செருகிய தொப்பியோடு இருபது வயதுப் பெடியன். தாய் செத்தபோது அவனுக்கு இரண்டு வயது, தூக்கி வளர்த்தது இந்தத் தமக்கை. யுத்தம் முடிந்து ரயில்கள் திரும்பி வந்தபோது, மற்றப் பெண்களோடு அவரும் படத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டேசனில் நின்றிருக்கிறார், 'இவனைக் கண்டனீங்களோ' என்று ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டிருக்கிறார். ஒரு நாள் மற்றத் தம்பியான மச்சானும் அவருடைய சிநேகிதனாயிருந்த பொஸ்சும் இறங்கி வந்தார்கள். நெற்றியில் குண்டு, நோகவில்லை, சிநேகிதனின் மடியில் தலை, கண்களை மூடிவிட்டது தமையன் என்று சொன்னார்கள்.

"அந்த மடிக்காகத்தான் இவரைக் கட்டினனான்" என்று சிஞ்ஞோரா என்னிடம் சொன்னார். "இல்லாட்டி இந்தக் குணத்துக்கு ஆர் கட்டுவினம்?"

கல்யாணம், கப்பல், மங்கரே, தக்காளி, நாற்பது வருடச் சமையல் எல்லாம் அந்த ஒரு மடியில்தான் நின்றது.

மச்சான் வாய் திறந்தது மாரியில், இங்கே அது ஜூன் மாதம், கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கும்போது. அவராகச் சொல்லவில்லை, நான்தான் கிண்டினேன். லொறி என்ன நிறம், எத்தனை பேர் ஏறியிருந்தது, பெடியன் எந்தப் பக்கம் தொங்கினான்? தபாற்கந்தோரில் தொலைந்த காசுக்கட்டளையைத் தேடுவது போல ஒவ்வொரு கேள்வியாகப் போட்டேன். மனிதர் பிடுங்கிய கொடியைக் கீழே போட்டார்.

"லொறி ஒண்டும் இல்லை" என்றார். "சறுக்கு வண்டில். ஒரு கோவேறு கழுதை. அஞ்சு காயக்காரர் கிடந்தவை. உவன் கால் உறைஞ்சு பின்னாலை இருந்தவன், நான் கழுதையைப் பிடிச்சு முன்னாலை. தம்பி பிந்திப் போனவன், ஓடிவந்து பின்பலகையைப் பிடிச்சான். அவன் ஏறினால் கழுதை விழும். உவன் துவக்காலை அடிச்சான்." பொஸ் நின்ற பக்கத்தை நாடியால் காட்டினார்.

"செத்தது?"

"காணேல்லை. நிக்கேல்லை."

"சிஞ்ஞோராவுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் நாங்கள் ரெண்டு பேரும் அந்தக் குசினியிலை இருந்து தின்னுவமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்கள் ஒன்றாகப் பயிர் செய்யவில்லை, ஒருவரை ஒருவர் காவல் காக்கிறார்கள். ஒருவர் விலகிப் போனால் மற்றவர் வாய் திறந்துவிடுவார் என்ற பயத்தில் இத்தனை வருடம். சொல்லமாட்டேன் என்று மச்சானின் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போதே எனக்கு உள்ளூர ஒரு சந்தோசம். கொழுத்த தபாலொன்று கையில் அகப்பட்ட சந்தோசம்.

இதற்கிடையில் பொஸ்சோடு எனக்கு ஒரு கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. என் மனைவி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். நான் வேலை செய்கிறேன் என்று பொஸ் ஒரு கடிதம் தரவேண்டும், நாலு வரி. முதல் முறை கேட்டபோது, அறுவடை முடியட்டும் என்றார். இரண்டாம் முறை, நடுகை முடியட்டும் என்றார். மூன்றாம் முறை, "பெண்சாதி வந்தால் நீ நேரத்துக்கு வீட்டை ஓடுவாய், வராமல் இருக்கிறதுதான் எனக்கு நல்லது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அன்று வீடு திரும்பி, சோற்றில் கை வைக்க மனம் வராமல் எழும்பினேன்.

அந்த மாரியிலேயே இத்தாலியிலிருந்து கடிதம் வந்தது. ரஷ்யர்கள் பழைய பதிவுகளைத் திறந்துவிட்டார்களாம். காணாமற்போனவர்களின் பெயர்கள் வெளிவருகின்றன, உங்கள் சகோதரரின் பெயரும் இருக்கிறது என்று அரசாங்கம் எழுதியிருந்தது. சிஞ்ஞோரா அழுதார், பிறகு சிரித்தார். மெழுகுதிரி கொளுத்திப் படத்துக்கு முன்னால் வைத்தார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு செத்தவீடு.

செத்தவீடு என்றால் நான் போகவேண்டும். வேலை முடிந்து, கையைப் பச்சைத் தக்காளியால் தேய்த்துக் கழுவி, காரில் வைத்திருந்த வெள்ளைச் சேட்டை மாற்றிக்கொண்டு, சாயந்தரம் முன்வாசலால் போனேன். அதுவரை நான் பின்வாசலால்தான் போனவன். சிஞ்ஞோராவுக்கு அது விளங்கியது. என்னை மேசைத் தலைப்பில் இருத்தினார். பொஸ் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம்.

முறைப்படி தொடங்கினேன். எப்ப நடந்தது, எத்தனை மணி இருக்கும், கடைசியாக என்ன சாப்பிட்டவன்? சிஞ்ஞோரா ஆசையோடு சொன்னார். இந்த நாட்டில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் மனம் நோகும் என்று எல்லாரும் பேச்சை மாற்றுகிறவர்கள். ஜனவரி மாதம், விடியற்புறம், நெற்றியில் குண்டு, இவரின் மடி, தமையன்ரை கை கண்ணை மூடினது. சொல்லிக்கொண்டே கடிதத்தை என் முன்னால் வைத்தார்.

எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. ஆனால் படிவம் எந்த மொழியில் இருந்தாலும் படிவம்தான். பெயர், பிறந்த திகதி, சிறை முகாமின் பெயர், இறந்த திகதி. பெட்டி கட்டும் கொட்டிலில் தொங்கிய இத்தாலியக் கலண்டரில் மாதப் பெயர்களை நான் தினமும் பார்க்கிறவன்.

"இதிலை மார்ச் எண்டெல்லோ கிடக்கு" என்றேன்.

"ரஷ்யக் கிளாக்கர் பிழையா எழுதினது" என்றார் பொஸ், நான் கேட்டு முடியுமுன்.

"ஓம், இவர் எனக்கும் சொன்னவர்" என்றார் சிஞ்ஞோரா.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, அதுதான் அநியாயம். படத்தை நிமிர்ந்து பார்த்து, ஆறுதல் சொல்லுகிற குரலில், "கெட்டிக்காரப் பெடியன். நசிஞ்ச விரலோடை ரெண்டு மாசம் தாக்குப் பிடிச்சிருக்கிறான்" என்றேன்.

சிஞ்ஞோராவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத் தவறிச் சொல்லிவிட்டேன் என்றுதான் இன்றுவரை கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன். அது முழுப் பொய். நாலு வரிக் கடிதம் என் தொண்டையில் நின்றது. பொஸ்சின் முகம் வெளிறுவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், பார்த்தேன்.

"என்ன விரல்?" என்றார் சிஞ்ஞோரா.

அவர் தன் தம்பியின் பக்கம் திரும்பி அதையே அவர்களுடைய மொழியில் கேட்டார். மச்சான் பேசத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மேசை விளிம்பில் தன் இரண்டு கைகளையும் வைத்து இறுக்கிப் பிடித்துக் காட்டினார். பிறகு ஒரு கையை எடுத்து, முட்டி பிடித்து, மற்றக் கை மேல் இறக்கினார். பொஸ்சைக் காட்டினார். பொஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிக் கத்தினார். கத்திக்கொண்டே தன் கைகளையும் அதே மாதிரி மேசை விளிம்பில் வைத்து, முட்டியை இறக்கி, மச்சானைக் காட்டினார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒருவரோடு ஒருவர் கதைத்தது அப்படித்தான்.

சிஞ்ஞோரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், எனக்கு விளங்குகிற உடைந்த ஆங்கிலத்திலேயே, அமைதியாகச் சொன்னார்.

"வலக்கையிலை இவர். அவன் மற்றக் கையை விடேல்லையாம். இடக்கையிலை என்ரை இந்தத் தம்பி, முன்னாலையிருந்து ஓடிவந்து. ஆளுக்கொரு கை."

கடிதத்தை என் முன்னாலிருந்து எடுத்து மடித்துக்கொண்டு கேட்டார்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசம் என்ரை சாப்பாட்டைத் திண்டனி" என்றார். "நாளைக்கும் வா."

அவர் கத்துவார், அழுவார், இருவரையும் வெளியே துரத்துவார், பிறகு ஒரு நாள் ஆறிவிடும் என்று நினைத்தேன். அடுத்த நாள் பகல் குசினிக்குப் போனோம். கோப்பைகளில் சாப்பாடு ஆவி பறக்க இருந்தது. கரண்டி இல்லை. கரண்டிகள் சிஞ்ஞோராவின் மடியில் இருந்தன.

"முதலிலையிருந்து சொல்லுங்கோ" என்றார் இருவரையும் பார்த்து. பிறகு என்னிடம், "தம்பி, நீ கேள். நீ நல்லாக் கேக்கிறனி."

அந்தக் குசினியில் அன்று தொடங்கியது நிற்கவேயில்லை. ஒவ்வொரு பகலும் நான் கேட்கவேண்டும், அவர்கள் ஆங்கிலத்தில் எனக்குச் சொல்லவேண்டும், சிஞ்ஞோரா கேட்டுக்கொண்டிருப்பார். சொல்லி முடித்த பிறகுதான் கரண்டி. அதற்குள் சாப்பாட்டில் எண்ணெய் உறைந்துவிடும். நான் மறுத்திருக்கலாம். ஆனால் முதல் கிழமையே சிஞ்ஞோரா பொஸ்சை இருத்தி என் மனைவிக்கான கடிதத்தை எழுதுவித்துக் கையெழுத்து வாங்கி என்னிடம் தந்துவிட்டார். வாங்கியவன் கேட்கத்தானே வேண்டும்.

கேட்கக் கேட்க வந்தது. முதல் நாள், அவன் போர்வையால் மூடி முகமெல்லாம் பனி, யாரென்று தெரியாது என்றார்கள். பத்தாம் நாள், குரல் கேட்டது என்றார் மச்சான். வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரால் தன்னைக் கூப்பிட்டான் என்றார். மூன்றாம் கிழமை, அவன் விழுந்த பிறகு திரும்பிப் பார்த்தோம் என்றார் பொஸ். கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தானாம், வெகுதூரம். இன்னொரு நாள், கழுதைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அது எனக்குத் தோன்றிய கேள்வி, யாரும் சொல்லித்தரவில்லை.

"அடுத்த நாள் விழுந்திட்டுது" என்றார் பொஸ். "வெட்டித் திண்டனாங்கள்."

சிஞ்ஞோரா கரண்டிகளை மேசையில் வைத்தார். "தின்னுங்கோ" என்றார்.

கூரைக்கு மேலே விமானங்கள் இறங்கும்போது கண்ணாடிகள் அதிரும். அதற்குக்கூடத் திடுக்கிடாத மச்சான், சிஞ்ஞோரா குசினிக் கதவைத் திறக்கும் சத்தத்துக்கு நடுங்கத் தொடங்கினார். செப்டம்பரில் கொடிகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தார், மாரடைப்பு. அடக்கம் முடிந்த மறுநாளும் குசினியில் கோப்பை வைக்கப்பட்டது. இப்போது பொஸ் தனியே இரண்டு கைகளுக்கும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. நடுவில் அழுதால் சிஞ்ஞோரா பொறுத்திருப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், நான் விட்ட இடத்திலிருந்து கேட்பேன். எனக்கு அந்தக் கிழவரை இப்போது பிடிக்காமல் இல்லை. இருந்தும் கேட்டேன்.

அந்த வருடக் கடைசியில் எங்கள் ஊர் முழுவதும் இராணுவத்துக்குப் பயந்து ஓரிரவில் இடம்பெயர்ந்தது. அம்மா ஊரில் இருந்தா, தம்பி குடும்பத்தோடு. கொழும்பு வழியாகத் தம்பியின் கடிதம் வந்து சேர ஆறு கிழமை எடுத்தது. அம்மா மோசம் போய்விட்டா என்று எழுதியிருந்தான். நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். பொஸ் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார், அந்த மனிதர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. சிஞ்ஞோரா அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே இருந்தார். முறைப்படி தொடங்கினார்.

"எப்பவிலையிருந்து ஏலாமல் கிடந்தவ?"

"முழங்கால்தான் ஏலாது. நடக்கமாட்டா. மற்றப்படி சுகமா இருந்தவ."

"பிறகு?"

"நித்திரையிலையே போட்டாவாம். ஒரு கஷ்டமும் படேல்லையாம்."

"பக்கத்திலை ஆர்?"

"எல்லாரும் சுத்தி நிண்டவையாம். தம்பியின்ரை மடியிலை தலை."

சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிறத்தியாருடைய குரல் மாதிரிக் கேட்டது. சிஞ்ஞோரா தலையாட்டினார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை, பழி வாங்குகிற எண்ணமும் இல்லை. நான் எப்படிக் கேட்பேனோ அப்படியே, அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டது எப்ப?"

"அம்மா செத்த அடுத்த நாளாம். அவவைத் தூக்கவேண்டி வரேல்லை" என்றேன்.

சிஞ்ஞோரா எழும்பி, கரண்டியை என் கையில் தந்தார். பொஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் தம்பி இப்போது கனடாவில் இருக்கிறான், மாதம் ஒரு தடவை போன் எடுப்பான். வானிலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விசாரிப்பேன். அம்மாவைப் பற்றி நான் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.